கண்மாயில் விடும் விரால் குஞ்சுக்கு அடையாளம் வைப்பது எப்படி?

விரால் குஞ்சு வாங்கிக் கண்மாயில் விடப் போகிறீர்களா? விடுவதற்கு முன்னால் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு அடையாளம் வையுங்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம். கூர்மையான சின்னக் கத்தரி, கிராம்பு எண்ணெய், கல் உப்பு, நாலு பிளாஸ்டிக் டப், பொறுமையுள்ள நாலைந்து பேர். இவ்வளவுதான் தேவை.

நான் மேலூர்ப் பக்கம் விரால் குஞ்சு வளர்த்துக் கொடுப்பவன். முதல் மூன்று வருஷம் அடையாளம் எதுவும் வைக்காமல்தான் எங்கள் ஊர்க் கண்மாயில் குஞ்சு விட்டேன். மூன்றாம் வருஷம் கோடையில் தண்ணீர் வற்றியது. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினார், ஜனங்கள் ஊத்தாக் கூடையும் கச்சா வலையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஒரு அக்கா முழங்கை நீளத்துக்கு ஒரு விராலைத் தூக்கிக்கொண்டு கரையேறி வந்து என்னிடம் கேட்டார்: "தம்பி, இது நீங்க விட்டதா, நம்ம கண்மாயிலயே பொறந்ததா?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் உழைத்தும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒரு துரும்பு ஆதாரம்கூட இல்லை. அன்று தொடங்கிய வேலை இது.

கட்லா, ரோகு, மிர்கால் விடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. அவை வடக்கத்தி ஆற்று மீன்கள். ஓடும் வெள்ளத்தில் முட்டையிடும் ஜாதி, தேங்கிய கண்மாய்த் தண்ணீரில் இனம் பெருக்காது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன் விஞ்ஞானிகள் ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு அவற்றை முட்டையிட வைத்த பிறகுதான் நாடெங்கும் குஞ்சு கிடைக்க வழி பிறந்தது. அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் கண்மாயில் ஒரு ரோகு அகப்பட்டால் அது யாரோ கொண்டுவந்து விட்ட மீன். அதில் சந்தேகமே இல்லை.

விரால் அப்படியல்ல. கோரைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே இடத்தைச் சுத்தம் செய்து முட்டையிடும். ஆணும் பெண்ணும் காவல் காக்கும். செக்கச்செவேலென்று பார்ப்பு, அதாவது பொடிக் குஞ்சு, ஒரே திரளாக மேலே வந்து வந்து மூச்சு விட்டுப் போவதை மழைக்காலத்தில் கரையில் நின்றாலே பார்க்கலாம். அதாவது கண்மாய்க்கு என்று சொந்தமாக ஒரு விரால் கூட்டம் இருக்கிறது. நாம் அதற்கு மேல் வாங்கி விடுகிறோம். இரண்டும் கலந்து வளர்கின்றன, கலந்தே பிடிபடுகின்றன.

இதில்தான் ஆபத்து இருக்கிறது. கண்மாயின் சொந்த விரால் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தாலும், நாம் விட்ட மீன் அந்தக் குறையை மூடிவிடும். வலையில் எடை குறையாது, யாருக்கும் கவலை வராது. ஏதோ ஒரு வருஷம் குஞ்சு வாங்கப் பணம் இல்லாமல் போகும்போதுதான் கண்மாய் எப்போதோ வெறுமையாகிவிட்டது தெரியவரும். அடையாளம் வைத்திருந்தால் அந்தச் சேதி முன்கூட்டியே கையில் இருக்கும்.

சால்மன் காரர்கள் கற்றுத் தந்தது

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்காரர்கள். அங்கே சால்மன் என்ற மீன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். அணை கட்டியும் அளவில்லாமல் பிடித்தும் சால்மன் குறைந்தபோது பொரிப்பகம் கட்டிக் கோடிக்கணக்கில் குஞ்சு விட்டார்கள். விட்டதும் ஆற்றில் பிறந்ததும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஸ்நேக் ஆற்றின் சாக்ஐ சால்மனை 1991-லும், சினூக் சால்மனை 1992-லும் அழிவை நோக்கிப் போகும் இனங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. பொரிப்பக மீனைப் பிடிக்க விட்டால் கூடவே ஆற்று மீனும் சாகும். ஆற்று மீனைக் காக்க எல்லாவற்றையும் தடுத்தால் மீனவர் பிழைப்பு போகும்.

அதற்கு அவர்கள் கண்ட வழி, பொரிப்பகக் குஞ்சின் கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுவது. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே முள் இல்லாமல் சதைபோல நிற்கும் சின்னத் துடுப்பு அது. நம் ஊரில் பார்க்க வேண்டுமென்றால் சந்தையில் ஒரு நாட்டுக் கெளுத்தியை எடுத்து முதுகைத் தடவிப் பாருங்கள், வாலுக்கு முன்னால் மெத்தென்று அகப்படும். சால்மனுக்கும் அதுவேதான். தூண்டில்காரர் மீனைத் தூக்கியதும் முதுகைப் பார்ப்பார். கொழுப்புத் துடுப்பு இல்லையென்றால் பொரிப்பக மீன், வீட்டுக்குக் கொண்டு போகலாம். இருந்தால் ஆற்று மீன், தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். எழுத்துப் படிக்காதவர்கூட ஒரு நொடியில் படித்துவிடக்கூடிய அடையாளம்.

இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால் மீனின் மூக்குக் குருத்தெலும்புக்குள் 1.1 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பித் துண்டைச் செலுத்துகிறார்கள். அதில் எந்தப் பொரிப்பகம், எந்தத் தொகுதி என்று குறி இருக்கும். 1960-களில் வந்த முறை, இன்றும் நடக்கிறது. அலாஸ்காவில் முட்டைப் பருவத்திலேயே தண்ணீரைச் சூடாக்கியும் குளிர்த்தியும் மீனின் காதுக்கல்லில் வளையக் கோடுகள் விழச் செய்கிறார்கள். துடுப்பு வெட்டவும் கம்பி வைக்கவும் லாரி போன்ற வண்டிக்குள் தானியங்கி இயந்திரமே வந்துவிட்டது. நமக்கு இதெல்லாம் தேவையில்லை. ஒரு கண்மாய்க்கு ஒரு கத்தரி போதும்.

பொரிப்பக மீனும் சொந்த மீனும் ஒன்றுதானே, கலந்தால் என்ன என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றல்ல. ஒரேகான் மாநிலத்து ஹூட் ஆற்றில் சால்மன் குடும்பத்து ஸ்டீல்ஹெட் மீன்களை ஆய்ந்து 2007-இல் வெளிவந்த ஆராய்ச்சி, தொட்டியில் வளர்க்கும் ஒவ்வொரு தலைமுறைக்கும் மீனின் ஆற்றில் இனம் பெருக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைவதைக் காட்டியது. தொட்டியில் தீவனம் தேடி மேலே வருகிற குஞ்சுதான் நன்றாக வளரும். அதே குணம் ஆற்றில் கொக்குக்கு இரையாக்கும். விராலில் எவ்வளவு குறையும் என்பது வேறு கணக்கு. ஆனால் எது எங்கே பிறந்தது என்றே தெரியாமல் அந்தக் கணக்கை யாரும் தொடங்க முடியாது.

தொடங்கும் முன்

கண்மாய் யாருடையது, மீன்பிடி உரிமை யாரிடம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சில கண்மாய் நீர்வளத் துறையிடம் (முன்பு பொதுப்பணித் துறை) இருக்கும், சில ஊராட்சியிடம். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் வேறொருவராக இருப்பார். அவரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் முன்பே பேசிவிடுங்கள். மீன்வளத் துறை அலுவலகத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அறுவடை நாளில் மீனைப் புரட்டிப் பார்க்க அவர்கள் சம்மதம் வேண்டும். அது இல்லையென்றால் வெட்டிய துடுப்பு வீண், குஞ்சுக்கு வலிதான் மிச்சம்.

காலம் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசியில் தண்ணீர் ஏறும், அல்லது வைகையிலிருந்து கால்வாயில் தண்ணீர் வரும். அந்த முதல் வாரங்களிலேயே வேலையை முடித்துவிடுங்கள். மார்கழி, தை வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில்தான் விராலுக்குப் புண் நோய் பரவும். 1988-இல் இந்தியாவுக்குள் வந்த அந்த நோய் மற்ற மீனைவிட விராலைத்தான் அதிகம் வாட்டியது. வெட்டிய காயம் ஆறாத குஞ்சை அந்தக் குளிரில் விடுவது கண்மாயின் சொந்த மீனுக்கும் நோயை அழைத்துக் கொடுப்பது மாதிரி.

குஞ்சு எட்டுப் பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிடச் சின்னதில் துடுப்பைப் பிடிக்கவே வராது. எல்லாம் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். விரால் தன் இனத்தையே தின்னும். ஒரு வருஷம் பொடியும் பெரிசுமாகக் கலந்து கொடுத்துவிட்டார் ஒரு பண்ணைக்காரர். இரண்டு நாள் தொட்டியில் வைத்திருந்ததில் எண்ணிக்கை கண்ணெதிரே கரைந்தது. அதைவிடக் கேடு, பல குஞ்சுக்குத் துடுப்பு கடிபட்டிருந்தது. கடிபட்ட துடுப்பும் வெட்டிய துடுப்பும் ஆறு மாதம் கழித்துப் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

அதனால் கத்தரியை எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வந்த குஞ்சில் 200-ஐ எடுத்து, வயிற்றுப் பக்கம் இரண்டு துடுப்பும் முழுசாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஐந்தாறுக்கு மேல் குறைபட்டிருந்தால் அந்தத் தொகுதியை அடையாளத்துக்கு எடுக்காதீர்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராக வெட்ட உட்காருகிறவர்கள்தான் அதிகம். பிறகு கணக்கு ஏன் உதைக்கிறது என்று குழம்புவார்கள்.

வெட்டுவதற்கு முதல் நாள் தீவனம் போடாதீர்கள். வயிறு காலியாக இருந்தால் தண்ணீர் கெடாது, மயக்கமும் ஒரே சீராக வரும். பசியில் கடித்துக்கொள்ளாமல் இருக்க இடத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.

எந்தத் துடுப்பு?

விராலுக்குக் கொழுப்புத் துடுப்பு கிடையாது. முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்து வால்வரை ஒரே நீளமாக ஓடும், அதைத் தொடக்கூடாது. செவுளுக்குப் பின்னால் இருக்கும் மார்புத் துடுப்பையும் விட்டுவிடுங்கள். மழை இரவில் ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்கு விரால் ஈரத் தரையில் ஊர்ந்து போகும்போது அதற்குக் கை அதுதான். மிஞ்சுவது மார்புக்குச் சற்றுப் பின்னால், வயிற்றில் ஜோடியாக இருக்கும் இரண்டு சின்னத் துடுப்பு. அதில் ஒன்றை வெட்டினால் போதும்.

உயிருள்ள பிராணியின் ஓர் உறுப்பை எடுக்கிறோம். சால்மனின் கொழுப்புத் துடுப்பைக்கூட ஒன்றுக்கும் உதவாத மிச்சம் என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள், பின்னால் அந்தக் குடும்பத்து மீன்களில் அதற்குள் நரம்பு ஓடுவதைக் கண்டார்கள். ஆகவே ஒன்றுக்கு மேல் வெட்டாதீர்கள், அழகுக்காகவோ கூடுதல் குறிக்காகவோ கை வைக்காதீர்கள்.

ஒற்றைப்படை வருஷத்தில் இடது, இரட்டைப்படை வருஷத்தில் வலது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-இல் விட்டதற்கு இடது, 2026-க்கு வலது. கண்மாய் வற்றினாலும் விரால் சேற்றுக்குள் தாக்குப்பிடித்துக் கிடக்கும், அடுத்த மழைக்கு எழுந்து வரும். போன வருஷத்து மீன் இந்த வருஷம் அகப்பட்டால் தெரிய வேண்டுமே.

இடது வலதில்தான் நாங்கள் பெரிய தவறு செய்தோம். முதல் தடவை அடையாளம் வைத்தபோது ஆறு பேர் உட்கார்ந்தோம். வயிற்றுத் துடுப்பு என்பதால் குஞ்சை மல்லாக்கப் பிடித்தாக வேண்டும். சிலர் தலையைத் தங்கள் பக்கம் வைத்துப் பிடித்தார்கள், சிலர் வாலைத் தங்கள் பக்கம் வைத்தார்கள். எல்லோரும் "இடது" என்றுதான் வெட்டினார்கள். மாலையில் மீட்புத் தொட்டியைப் பார்த்தால் பாதிக்கு இடது இல்லை, பாதிக்கு வலது இல்லை. அந்த வருஷக் குறி முழுக்கக் கெட்டது.

இப்போது எல்லோருக்கும் ஒரே விதி: குஞ்சை மல்லாக்கப் பிடி, தலை உன் வயிற்றைப் பார்த்திருக்கட்டும். அப்படிப் பிடித்தால் மீனின் இடது உங்கள் இடதாகவே இருக்கும். ஒவ்வொருவரும் முதல் பத்துக் குஞ்சை வெட்டியதும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

வெட்டும் காலை

விடிந்ததும் ஆறு மணிக்கு மர நிழலில் ஆரம்பியுங்கள். வெயில் ஏறும் முன், ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள்.

நாலு டப்பிலும் குஞ்சு இருந்த அதே தண்ணீரை ஊற்றுங்கள். முதலாவது காத்திருக்கும் குஞ்சுக்கு. இரண்டாவது மயக்கத் தண்ணீர். மூன்றாவது மீட்பு. நாலாவது, தெளிந்து நீந்தும் குஞ்சை எண்ணிப் போட.

மயக்கத்துக்குச் சால்மன் பண்ணைகளில் தனி மருந்து வைத்திருப்பார்கள். நமக்குக் கிராம்பு எண்ணெயே கைகொடுக்கும். சுத்தமான எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள், வேறு எண்ணெய் கலந்ததில் அளவு தப்பும். 10 லிட்டர் தண்ணீருக்கு 0.4 மில்லி. ஊசி மாட்டாத 1 மில்லி சிரிஞ்சால் அளந்து எடுத்து, சின்னப் பாட்டிலில் கால் பங்கு தண்ணீரோடு சேர்த்துப் பால்போல் வெளுக்கும்வரை குலுக்கி, பிறகு டப்பில் ஊற்றிக் கலக்குங்கள். நேராக ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும், மேலே வரும் குஞ்சு அதை அப்படியே விழுங்கும்.

முதலில் ஐந்து குஞ்சை மட்டும் விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் சாய்ந்து, தொட்டால் துள்ளாமல், ஆனால் செவுள் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். துள்ளுகிறது என்றால் 0.1 மில்லி கூட்டுங்கள். செவுள் நின்றுவிட்டால் உடனே எடுத்து நல்ல தண்ணீரில் விட்டு, மயக்கத் தண்ணீரில் பாதியை மாற்றுங்கள். ஒரு தடவைக்கு இருபது குஞ்சுக்கு மேல் விடாதீர்கள். வெட்டும் கையின் வேகத்துக்குத்தான் மயக்கம் போட வேண்டும்.

கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை பட்டால் விராலின் மேலிருக்கும் வழுவழுப்பு போய்விடும், நோயைத் தடுக்கும் கவசம் அதுதான். உள்ளங்கையில் குஞ்சை மல்லாக்க வைத்தால் வெளுத்த வயிறு மெல்ல ஏறி இறங்குவது தெரியும். கட்டைவிரல் நகத்தால் துடுப்பை மெதுவாக நிமிர்த்துங்கள், ஊறிய வெங்காயத் தோல்போல ஒட்டிக்கொண்டு எழும். கத்தரி வயிற்றோடு இணையாகப் படுத்திருக்கட்டும், குத்தலாக வேண்டாம். துடுப்பு உடம்பில் சேரும் இடத்தை ஒட்டி ஒரே வெட்டு. சதையில் படக்கூடாது, ரத்தம் ஒரு பொட்டுக்கு மேல் வந்தால் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம்.

பாவம் பார்த்துப் பாதியாக வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இரக்கம் மீனுக்கும் உதவாது, கணக்குக்கும் உதவாது. பாதியில் வெட்டிய துடுப்பு சில மாதத்தில் மீண்டும் வளர்ந்துவிடும். அடியோடு எடுத்தால் வளராது, வளர்ந்தாலும் நரம்பு கோணல்மாணலாக இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும்.

ஒவ்வொரு தொகுதிக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டு எடுங்கள்.

மீட்பு டப்தான் உயிர் காக்கும் இடம். விரால் செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை. மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும், முடியாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். மயக்கம் தெளியாத குஞ்சை ஆழமான தொட்டியில் போட்டால் அது அடியிலேயே கிடந்து போய்விடும். அதனால் மீட்பு டப்பில் நாலு விரற்கடைத் தண்ணீருக்கு மேல் வேண்டாம். லிட்டருக்கு 5 கிராம் கல் உப்பு கரைத்துவிடுங்கள், காயத்துக்கு நல்லது. ஏர் பம்ப் இருந்தால் மெல்ல ஓடட்டும். மேலே வலை போட்டு மூடுங்கள், தெளிந்ததும் முதல் வேலையாகத் துள்ளிக் குதிக்கும். வலைக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்றுக்கு ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.

எண்ணிக்கை தவறக்கூடாது. எங்களிடம் ஒரு பாட்டி உட்கார்ந்து நூறு குஞ்சுக்கு ஒரு புளியங்கொட்டை என்று டம்ளரில் போடுவார். நோட்டில் எழுதுகிறவர் கை ஈரமாகி எழுத்து அழிந்த நாளிலும் டம்ளர் பொய் சொன்னதில்லை. புதிதாக வருகிறவர் மணிக்கு நூறு குஞ்சு முடித்தாலே போதும். வேகம் தானாக வரும்.

இந்த வேலையில் இன்னொரு பலனும் உண்டு. ஒவ்வொரு குஞ்சும் உங்கள் கையில் ஏறி இறங்குகிறது. வாயைச் சுற்றி எட்டு மீசை நீட்டிக்கொண்டு ஒரு ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு கலந்து வந்திருந்தால் அங்கேயே அகப்படும். 2000-இல் நாடு முழுக்கத் தடை செய்த மீன் அது, கண்மாயில் இறங்கினால் மற்றதைத் தின்று தீர்க்கும். அகப்பட்டால் தண்ணீரில் விடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் அடையாளம் வைக்க ஆள் இல்லையென்றால், நாலில் ஒன்றுக்கு வையுங்கள். ஆனால் சரியாக நாலில் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிதாகப் பார்த்துப் பொறுக்கி வெட்டாமல், அள்ளுவலையில் வருவதை வரிசையாக எண்ணி வெட்டுங்கள்.

ஒரு வாரம் பொறுங்கள்

வெட்டியதும் விட்டுவிடாதீர்கள். 100 வெட்டிய குஞ்சை ஒரு ஹாப்பாவிலும் (தண்ணீருக்குள் கட்டும் வலைத் தொட்டி), 100 வெட்டாததை இன்னொரு ஹாப்பாவிலும் ஏழு நாள் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் சாவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உங்கள் கை நன்றாகப் பழகிவிட்டது. வெட்டியதில் அதிகம் செத்தால் மயக்கமோ கத்தரியோ சரியில்லை. அந்தக் கணக்கை எழுதி வையுங்கள், பின்னால் கழிக்க வேண்டியிருக்கும்.

விடும்போது ஆக்சிஜன் பையைக் கால் மணி நேரத்துக்கு மேல் கண்மாய்த் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிறகு அவிழுங்கள். மடை ஓரத்தில் மொத்தமாகக் கொட்டாமல், கோரை அடர்ந்த ஓரங்களில் ஐந்தாறு இடமாகப் பிரித்து விடுங்கள். திறந்த தண்ணீரில் விட்டால் கொக்கும் பெரிய விராலும் அன்றைக்கே விருந்து வைத்துக்கொள்ளும்.

நோட்டில் தேதி, கண்மாய், எத்தனை குஞ்சு, எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் வெட்டியது, தாய் மீன் எந்த ஊர்த் தண்ணீரிலிருந்து வந்தது, எத்தனை செத்தது என்று எழுதி, ஒரு நகலைக் குத்தகைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

அடையாளத்தைப் படிக்கும் நாள்

குத்தகைக் கண்மாயில் வலை இழுக்கும் நாள், ஊர்க் கண்மாயில் மீன்பிடித் திருவிழா நாள். முந்தின நாளே தண்டோராவோடு சேர்த்து ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள்: விரால் பிடித்தவர்கள் கரையேறும்போது ஒரு நிமிஷம் காட்டிவிட்டுப் போகவும். டீக்கடையிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். மீனை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அந்தப் பயம் இருந்தால் எல்லோரும் வேறு வழியாகக் கரையேறிவிடுவார்கள்.

ஜனங்கள் ஏறும் ஒவ்வொரு பாதையிலும் ஒருவர் நில்லுங்கள். "அண்ணே, மீனைக் கொஞ்சம் மல்லாத்திப் பாத்துக்கிறேன்" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. ஓரிரண்டு வருஷத்தில் அவர்களே பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். போன தடவை ஒரு பையன் சேறு சொட்டச் சொட்ட ஓடி வந்து, "பீச்சாங்கைப் பக்கம் துடுப்பு இல்லண்ணே, ஒங்க மீனு!" என்று கத்தினான்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அடையாளம் உள்ள மீனை மட்டும் ஆர்வமாக எழுதுவார்கள், இல்லாததை விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் அந்த நாள் உழைப்பு மொத்தமும் வீண். பார்த்த ஒவ்வொரு விராலையும் எழுத வேண்டும். அடையாளம் இல்லாத மீன்தான் கண்மாயின் சொந்த மீன், நாம் தேடி வந்ததே அதைத்தான்.

கணக்கு எளிது. எல்லாக் குஞ்சுக்கும் அடையாளம் வைத்திருந்தீர்கள், 150 விராலைப் பார்த்தீர்கள், 45-இல் துடுப்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 30 நாம் விட்டது, 70 கண்மாய் தந்தது. நாலில் ஒன்றுக்கு மட்டும் வைத்திருந்தால், கண்ட அடையாளத்தை நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள். முப்பது மீனுக்குக் குறைவாகப் பார்த்திருந்தால் எந்த முடிவுக்கும் வராதீர்கள், நோட்டில் எழுதி அடுத்த வருஷத்துக்குக் காத்திருங்கள்.

மூன்று நாலு வருஷம் தொடர்ந்து எழுதினால் போக்கு தெரியும். விடும் எண்ணிக்கையைக் கூட்டாமலேயே விட்ட மீனின் பங்கு ஏறிக்கொண்டே போனால், கண்மாயின் சொந்த விரால் இறங்குகிறது என்று பொருள். அப்போது அதிகக் குஞ்சு வாங்குவது தீர்வல்ல. மண் எடுத்த ஆழமான பள்ளம் ஒன்றில் கோடையிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்க விட்டு, அங்கே யாரும் ஊத்தா போடாதபடி ஊரில் பேசி முடிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் பார்ப்பைக் காத்து நிற்கும் தாய் விராலைத் தூண்டிலில் எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காவல் போனால் ஒரே நாளில் அந்தத் திரள் முழுக்கப் போய்விடும்.

சால்மன் ஆற்றில் அடையாளம் இல்லாத மீனைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். வற்றிய கண்மாயில் திரும்ப விடத் தண்ணீர் ஏது? அதற்கு எங்கள் ஊரில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். இரண்டு வயிற்றுத் துடுப்பும் முழுசாக இருக்கும் பெரிய விராலாகப் பார்த்து, பிடித்தவரிடம் விலை கொடுத்து ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்தை வாங்கி, ஈரச் சாக்கில் வைத்துப் பண்ணைத் தொட்டிக்குக் கொண்டு வந்துவிடுகிறோம். மழை தொடங்கியதும் பாதி கண்மாய்க்கே திரும்பிப் போகும். மீதி அந்த வருஷத்துத் தாய் மீன். தொட்டியிலேயே பல தலைமுறை வளர்ந்த மீனிலிருந்து குஞ்சு எடுப்பதைவிட இது நல்லது. அந்தத் தாய் மீன் இடும் குஞ்சு எட்டு சென்டிமீட்டர் வளர்ந்ததும், கண்மாய்க்குப் போகும் முன் அவற்றுக்கும் ஒரு பக்கத் துடுப்பை வெட்டிவிடுகிறோம்.